இலேசான தோணி வாங்கும்போது

நமக்கென்று ஒரு பொருள் வாங்குவது ஒரு வகை. பலருடைய காசைச் சேர்த்துப் பொதுவுக்கு ஒரு பொருள் வாங்குவது மற்றொரு வகை. முன்னதில் ஏமாந்தால் நட்டம் நம் பையோடு போகும். பின்னதில் ஏமாந்தால் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். அதிலும் அந்தப் பொருள் தண்ணீரில் மிதக்க வேண்டியதாகவும், அதில் ஏறி உட்காரப் போகிறவர்கள் பிறர் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருந்துவிட்டால், நம் பொறுப்பு எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒருவர் பயன்படுத்திய இலேசான தோணியை விலைக்கு வாங்கும்போது எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய உரையின் பொருள். இளைஞர் மன்றங்களும் சாரணர் குழுக்களும் பள்ளிக் கழகங்களும் நீர் விளையாட்டில் நாட்டம் கொண்டு வருகின்றன. புதுத் தோணி வாங்கப் பலருக்கு வசதி இருப்பதில்லை. ஆகவே பழையதைத் தேடுகிறோம். தேடுவதில் தவறில்லை. தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், தோணி என்று எதைச் சொல்கிறோம்? ஆங்கிலத்தில் 'கேனூ' என்பார்களே, அதைத்தான். இரு முனையும் கூர்மையாக, மேற்புறம் திறந்ததாக, ஒடுங்கி நீண்டிருக்கும். உட்காருபவர் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஒற்றை அலகு கொண்ட துடுப்பால் தள்ளுவார். கேனூ என்ற சொல் கரிபியன் தீவுகளின் பழங்குடி மக்கள் பேச்சிலிருந்து ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம்முடைய கட்டுமரமும் 'கேட்டமரான்' என்று உருமாறி ஆங்கில அகராதியில் ஏறியிருக்கிறது அல்லவா? நீரில் மிதக்கும் பொருளோடு அதன் பெயரும் நாடு விட்டு நாடு மிதந்து செல்கிறது.

தோணி இலேசாக இருக்க வேண்டும் என்று ஏன் விரும்புகிறார்கள்? அது தண்ணீரில் தானே மிதக்கப் போகிறது, கனமாக இருந்தால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தோணி எப்போதும் தண்ணீரிலேயே இருப்பதில்லை. வட அமெரிக்காவில், கனடாவிலும் அதை ஒட்டிய அமெரிக்க மாநிலங்களிலும், ஆயிரக்கணக்கான ஏரிகள் உண்டு. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே காட்டு நிலம் குறுக்கிடும். பயணம் போகிறவர் தோணியைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் காட்டைக் கடக்க வேண்டும். அங்கேயுள்ள பழங்குடி மக்கள் பூர்ச்ச மரப்பட்டையை உரித்து, ஊசியிலை மரத்தின் வேரால் தைத்து, அம்மரத்தின் பிசினால் தையலை அடைத்துத் தோணி செய்தார்கள். மரத்தைக் குடைந்து செய்யும் ஓடத்தைவிட அது பன்மடங்கு இலேசானது. சுமக்க வேண்டிய தேவையே அந்தத் தோணியின் வடிவத்தை வகுத்தது எனலாம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்பவர் 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதி வந்த அமெரிக்கர். செருப்புத் தைப்பது அவருடைய தொழில். மெலிந்த உடல், குள்ளமான உருவம், நோயும் உண்டு. 60 வயதைக் கடந்த நிலையில், நியூயார்க் மாநிலத்து மலைக்காட்டு ஏரிகளில் தனியாகப் பயணம் போக விரும்பினார். பெரிய தோணியைச் சுமக்க அவரால் இயலாது. ஆகவே ஜே. ஹென்றி ரஷ்டன் என்ற தோணிக் கைவினைஞர் 1883-இல் அவருக்காக ஒரு சிறிய மரத்தோணி செய்து கொடுத்தார். அதன் எடை பத்தரை இராத்தல். நம் கணக்கில் 5 கிலோவுக்கும் குறைவு. அரிசி மூட்டையில் மிகச் சிறியதன் எடைதான்! அந்தத் தோணியிலே அவர் 266 மைல் பயணம் செய்தார். அது இன்றும் அமெரிக்காவில் அருங்காட்சியகப் பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. ஒரு முதியவரைக் காட்டுக்குள் போக வைத்தது அவருடைய வலிமை அன்று, தோணியின் இலேசுதான்.

பின்னர் வந்தவர்களும் அதே வழியில் சிந்தித்தார்கள். 1944-இல் கிரம்மன் என்னும் அமெரிக்க விமான நிறுவனத்தின் அதிகாரியான வில்லியம் ஹாஃப்மன், கித்தான் போர்த்திய கனமான மரத்தோணியைச் சுமந்து களைத்துப் போனார். விமானத்துக்குப் பயன்படும் அலுமினியத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று எண்ணினார். 1945 முதல் அலுமினியத் தோணிகள் விற்பனைக்கு வந்தன. 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி டூபான்ட் நிறுவனத்தில் ஓர் இழையைக் கண்டுபிடித்தார். மோட்டார் வண்டியின் டயருக்கு உறுதி சேர்க்கும் இழையைத் தேடியபோது கிடைத்தது அது. 'கெவ்லார்' என்ற அந்த இழை, அதே எடையுள்ள எஃகைவிட 5 மடங்கு வலிமை கொண்டது. குண்டு துளைக்காத அங்கியிலும் அதுதான். இன்று மிக இலேசான தோணிகள் பலவற்றிலும் அதுதான்.

நம் நாட்டில் காட்டைக் கடந்து தோணி சுமக்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் இலேசு நமக்கும் வேண்டும். கொட்டகையிலிருந்து லோரிக்கும், லோரியிலிருந்து ஆற்றங்கரைக்கும் யார் தூக்குவது? பிள்ளைகள்தாமே? நான்கு பெரியவர்கள் வந்தால்தான் நகரும் என்ற தோணி, நாளடைவில் கொட்டகையிலேயே தங்கிவிடும். பல்லி முட்டையிடத்தான் பயன்படும். இருவர் எளிதாகத் தூக்கும் தோணியோ வாரந்தோறும் தண்ணீரைக் காணும்.

எந்தப் பொருளால் ஆன தோணி எவ்வளவு எடை இருக்கும்? இருவர் அமரும், ஏறக்குறைய 5 மீட்டர் நீளத் தோணியை எடுத்துக்கொள்வோம். பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தது 35 முதல் 43 கிலோ வரை இருக்கும். அலுமினியத் தோணி 30 கிலோவுக்கு மேல் இருக்கும். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்யும் ஃபைபர் கிளாஸ் தோணி பெரும்பாலும் 27 முதல் 32 கிலோ வரை. கெவ்லார் தோணி 18 முதல் 23 கிலோ வரை. 'ராயலெக்ஸ்' என்று இன்னொரு பொருளும் இருந்தது. நடுவில் நுரைப் பிளாஸ்டிக்கும் இரு பக்கமும் உறுதியான தோலும் வைத்து அடுக்கிய பலகை அது. அதன் உற்பத்தி 2013, 2014 ஆண்டுகளோடு நின்றுவிட்டது. ஆகவே ராயலெக்ஸ் தோணி எது கிடைத்தாலும் அது பழையதாகத்தான் இருக்கும். இந்த எண்களைத் தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது இப்போது விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் தோட்டத்து இளைஞர் மன்றத்தாரும் சேர்ந்து ஒரு தோணி வாங்கப் போனோம். பெற்றோர்கள் 10 வெள்ளியும் 20 வெள்ளியுமாகக் கொடுத்த பணம் எங்கள் கையில் இருந்தது. ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மூவரும் ஆசையோடு உடன் வந்தார்கள். விற்பவர் நல்ல மனிதர். "வாத்தியாரையா, தூக்கிப் பாருங்க. பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார். தூக்கினோம். உண்மையிலேயே இலேசாக இருந்தது. கண்ணாடி இழைத் தோணி, பச்சை நிறம், பார்வைக்கும் குறையில்லை. 800 வெள்ளி கேட்டார்.

எங்களோடு வந்த ஆசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து ஆள் எடை பார்க்கும் தராசைக் கொண்டு வந்திருந்தார். தோணியை எப்படி அந்தச் சின்னத் தராசில் நிறுத்துவது என்று யோசிக்க வேண்டாம். முதலில் ஒருவர் தராசில் தனியாக ஏறி நிற்க வேண்டும். பிறகு தோணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தோணியின் எடை கிடைக்கும். ஆசிரியர் தனியாக 68 கிலோ. தோணியோடு 92 கிலோ. ஆகத் தோணி 24 கிலோ. தோணியின் உட்புறத்தில் தயாரித்தவர்கள் ஒட்டிய சிறு தகடு இருந்தது. அதில் 28 கிலோ என்று அச்சிட்டிருந்தது. "பாருங்கள், எழுதியிருப்பதைவிட 4 கிலோ குறைவு!" என்று பெரியவர்கள் எல்லாரும் மகிழ்ந்து போனோம். பணத்தை எண்ணத் தொடங்கியபோது, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, அந்த 4 கிலோ எங்கே போச்சு?"

நேயர்களே, கழித்தல் கணக்கை நாங்கள்தான் அவளுக்குக் கற்றுக் கொடுத்தோம். விடையைக் கண்டதும் நாங்கள் நிறுத்திக்கொண்டோம், அவள் நிறுத்தவில்லை. பொருள் தேய்ந்து எடை குறையலாம். ஆனால் தோணியின் அடிப்புறம் 4 கிலோ தேய்ந்திருந்தால் அது ஓட்டையாகியிருக்குமே! அப்படியானால் எங்கே போயிற்று? தோணியைத் திருப்பி, முனைகளின் உட்புறத்தைக் கைவிளக்கால் பார்த்தோம். இரு முனைகளிலும் இருக்க வேண்டிய மிதவை அறைகள் இல்லை. அறைச் சுவரை அறுத்து, உள்ளே இருந்த நுரைக் கட்டிகளை எடுத்துவிட்ட தடம் தெரிந்தது. நடுக் குறுக்குச் சட்டமும் இல்லை; அது இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. முன்பு வைத்திருந்தவர் மீன்பிடிக் கூடைகள் வைக்க இடம் வேண்டுமென்று எடுத்துவிட்டாராம். விற்க வந்தவருக்கே அது பெரிய குறை என்று தெரியவில்லை.

இது ஏன் பெரிய குறை? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த பொருள் தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. தோணி மிதப்பது அதன் குழிவான வடிவத்தால். உள்ளே தண்ணீர் புகுந்து நிரம்பிவிட்டால் வடிவத்தின் உதவி போய்விடும். பொருளின் கனம் மட்டுமே எஞ்சும். 24 கிலோ எடையுள்ள தோணி முழுகும்போது 16 லிட்டர் தண்ணீரைத்தான் விலக்கும். 16 லிட்டர் தண்ணீர் 16 கிலோவைத் தாங்கும். மீதி 8 கிலோவை யார் தாங்குவது? நுரைக் கட்டிகள் இருந்தால் அவை தாங்கும். இல்லையென்றால் தோணி அடியில் போய்விடும். கவிழ்ந்த பிள்ளைகள் பற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அலுமினியத் தோணிக்கும் கெவ்லார் தோணிக்கும் இதே கதைதான். மரம் தானே மிதக்கும். ராயலெக்ஸ் தன் நடுவிலுள்ள நுரையால் மிதக்கும். பாலிஎதிலீன் தண்ணீரைவிடச் சற்றே இலேசு, மட்டுமட்டாக மிதக்கும்.

ஆகவே எடை குறைந்த தோணி வேறு. எடை குறைக்கப்பட்ட தோணி வேறு. நல்ல இழையால், நல்ல கைவேலையால் வந்த இலேசுக்குப் பணம் கொடுக்கலாம். உள்ளே இருக்க வேண்டியதை எடுத்துவிட்டதால் வந்த இலேசுக்கு உயிரைக் கொடுக்க வேண்டி வரும். பழைய தோணி வாங்குகிறவர் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த இலேசு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைத் திருப்பியும் கேட்கலாம். தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிடத் தோணி கனமாக இருந்தால், அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? நடுவில் நுரை வைத்த தோணியாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கலாம். மிதவை அறைக்குள் தண்ணீர் தங்கியிருக்கலாம். தோணியைச் சாய்த்துக் குலுக்கினால் சளசளவென்று ஓசை கேட்கும். பெரிய உடைசலை மறைக்கப் பட்டை மேல் பட்டையாக ஒட்டியிருக்கலாம். ஒரு தராசும் ஒரு கழித்தல் கணக்கும் எவ்வளவு உண்மையைச் சொல்லிவிடுகின்றன, பாருங்கள்!

இனி, மற்றப் பகுதிகளை முறையாகப் பார்ப்போம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. இது தானம் கொடுத்த மாடு அன்று. காசு கொடுத்து வாங்கும் மாடு. பல்லையும் பார்க்கலாம், குளம்பையும் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் நனைந்த தோணியைப் பார்க்காதீர்கள். ஈரம் கீறல்களை மறைத்துவிடும்.

முதலில் தோணியைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு முனையில் குனிந்து, மறுமுனை வரையில் அடிக்கோட்டை ஒரு கண்ணால் பாருங்கள். சுவர் எழுப்பும் கொத்தனார் நூல் பிடித்துப் பார்ப்பாரே, அதுபோல. நடுப்பகுதி உள்ளே குழிந்தோ ஒரு பக்கம் முறுகியோ இருந்தால், தோணி நேராகப் போகாது. பல ஆண்டுகள் தவறாக அடுக்கி வைத்ததன் விளைவாக அது இருக்கலாம்.

அடுத்து, ஒரு நாணயத்தை எடுத்து அடிப்புறம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று தெளிவான ஓசை வரும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகிவிடும். தேங்காயைச் சுண்டிப் பார்த்து வாங்கும் தாய்மார்களுக்கு இந்தக் கலையை நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை! ஓசை மாறிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அக்கம்பக்கத்தைவிட மெத்தென்று உள்ளே போனால் அங்கே பழுது இருக்கிறது.

பிறகு தோணியை நிமிர்த்தி, உட்புறத்தைப் பாருங்கள். வெளியே பாறையில் மோதிய இடத்தில் சிறு கீறல் மட்டுமே தெரியும். ஆனால் உள்ளே அதே இடத்தில் இழைகள் வெடித்து வெண்மையாகத் தெரிந்தால், அடி பலமானது என்று பொருள். சாயம் பூசாத தோணியாக இருந்தால் ஒருவர் வெளியிலிருந்து விளக்கைப் பிடிக்க, மற்றவர் உள்ளே இருந்து பார்க்கலாம். உடைந்த இடமும் ஒட்டிய இடமும் வேறு நிறமாகத் தெரியும். வெளிப்பூச்சில் மட்டும் இருக்கும் கீறல்களுக்கு அஞ்ச வேண்டாம். ஆற்றில் ஓடிய தோணிக்கு அவை தழும்புகள், நோய் அல்ல.

கெவ்லார் தோணியென்றால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். இளமஞ்சளாக இருக்க வேண்டிய இழை, வெயிலில் கிடந்து கிடந்து பழுப்பாகும். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் அந்த இழையின் வலிமையைக் குறைத்துவிடும். உரசிய இடத்தில் இழை பஞ்சுபோல் எழும்பியிருந்தால் பாதுகாப்புப் பூச்சு போய்விட்டது என்று அறியலாம்.

அடுத்தது மேல் விளிம்பில் ஓடும் ஓரச் சட்டம். தோணியின் வடிவத்தைக் காப்பது அதுதான். மரச் சட்டமாக இருந்தால் இரு முனைகளிலும், மூடுபலகைக்கு அடியில், விரல் நகத்தால் குத்திப் பாருங்கள். தண்ணீர் தங்குவது அங்கேதான். மரம் உளுத்துப் போவதும் அங்கேதான். அலுமினியச் சட்டமாக இருந்தால் மடங்கி நிமிர்த்திய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைகள், குறுக்குச் சட்டங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் திருகாணிகள் ஆகியவற்றை ஆட்டிப் பாருங்கள். நடுக் குறுக்குச் சட்டம் சில தோணிகளில் தோளுக்கு ஏற்றவாறு வளைந்திருக்கும். கவிழ்த்துச் சுமக்கும்போது தோளில் உட்கார்வது அது. மாட்டின் கழுத்தில் பூட்டுவதற்கு உள்ள அதே பெயர்தான் இதற்கும்: நுகம். அது தொலைந்திருந்தால் சுமப்பதும் கடினம். தோணியின் வயிறும் அகன்றுவிடும்.

புதுச் சாயம் பூசிய பழைய தோணியைக் கண்டால் சற்றே நிதானியுங்கள். அழகுக்காகப் பூசியிருக்கலாம், மறைப்பதற்காகவும் பூசியிருக்கலாம். "எதற்காகப் பூசினீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பதில் குற்றமில்லை. நேர்மையான விற்பனையாளர் பழுது பார்த்த இடத்தைத் தாமே காட்டுவார்.

தோணி யாருடையது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் செய்யப்பட்டு விற்பனைக்கு வரும் தோணிகளுக்கு 1972 இறுதியிலிருந்து அடையாள எண் உண்டு. பின்முனையின் வலப்புறத்தில், ஓரச் சட்டத்துக்கு அருகே 12 எழுத்துகளும் இலக்கங்களும் பொறித்திருக்கும். பிந்திய தோணிகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் எந்த ஆண்டின் மாதிரி என்பதைக் காட்டும். அந்த எண்ணைச் சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள். எந்த நாட்டுத் தோணியானாலும் விற்றவர் பெயர், விலை, தேதி எழுதிக் கையொப்பமிட்ட இரசீது கட்டாயம் வேண்டும். பொதுப்பணத்துக்குக் கணக்கு அதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தால், கடைசியாக நீரில் சோதிக்க வேண்டும். இடுப்பளவுத் தண்ணீர் உள்ள, ஓட்டமில்லாத இடமாகப் பார்த்துப் பெரியவர்கள் மட்டும் இறங்குங்கள். மிதவை அங்கி அணிந்துகொள்ளுங்கள். இருவர் ஏறிக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கசிவு தெரிந்துவிடும். பிறகு தோணியைத் தண்ணீரால் நிரப்புங்கள். விற்பவர் தயங்கினாலும் விடாதீர்கள். நிரம்பிய பின்னும் இரு முனைகளும் நீர்மட்டத்தில் நிற்கின்றனவா? இருவர் பற்றிக்கொண்டால் தாங்குகிறதா? தாங்கினால் தோணி, தாங்காவிட்டால் அது வெறும் தொட்டி.

எங்கள் பச்சைத் தோணியையும் அப்படித்தான் சோதித்தோம். தண்ணீர் நிரம்பியதும் அது ஓசையின்றி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கரையில் நின்ற பிள்ளைகள் மூவரும் வாயடைத்துப் போனார்கள். நாங்களும்தான். அதே தோணி ஆற்றின் நடுவில், அந்தப் பிள்ளைகளோடு நிரம்பியிருந்தால் என்ற எண்ணம் எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். வெகுநேரம் யாரும் பேசவில்லை. விற்க வந்தவரே, "இதை இப்படியே கொடுக்க எனக்கும் மனசு வராது, ஐயா" என்றார்.

தோணியின் உடல் உறுதியாக இருந்ததால் நாங்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. சரிசெய்யும் செலவைக் கணக்கிட்டுக் காட்டினோம். 500 வெள்ளிக்குக் கொடுத்தார். ஒவ்வொரு முனையிலும் 20 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் உறிஞ்சாத நுரைக் கட்டி வைத்து, அறைச் சுவர் எழுப்பி அடைத்தோம். அந்த வேலையில் நாங்கள் கற்ற பாடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பொட்டலம் கட்ட உதவும் வெள்ளை நிற பாலிஸ்டைரீன் நுரையின் மேல் பாலியஸ்டர் பிசினைப் பூசினால், பிசினில் உள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். மாதிரிக்கு ஒரு துண்டில் பூசிப் பார்த்தபோது சர்க்கரை கரைவதுபோல் கரைந்தது. எப்பாக்ஸி பிசின் அப்படிச் செய்யாது. எதைச் செய்தாலும் முதலில் சிறு துண்டில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

வேலை முடிந்து நிறுத்துப் பார்த்தபோது தோணி 28 கிலோ ஆகியிருந்தது. 4 கிலோ திரும்பி வந்துவிட்டது. கேள்வி கேட்ட மாணவியைக் கொண்டே அந்த எண்ணைத் தோணியின் கணக்கேட்டில் எழுதச் செய்தோம். மீண்டும் நீரில் நிரப்பிப் பார்த்தபோது, விளிம்பு நீர்மட்டத்தோடு நிற்க, பெரியவர் இருவர் பற்றிக்கொண்டும் அது அமிழவில்லை.

விலை பேசும்போது தோணியின் விலையை மட்டும் எண்ணாதீர்கள். துடுப்புகள் வேண்டும், ஒன்று கூடுதலாகவும் வேண்டும். ஆளுக்கொரு மிதவை அங்கி, அதாவது லைஃப் ஜாக்கெட், அவரவர் உடலுக்கு ஏற்ற அளவில் வேண்டும். பெரியவர் அங்கியைச் சிறுபிள்ளைக்கு மாட்டினால் அது தலைவழியே கழன்றுவிடும். கையிருப்புப் பணம் தோணிக்கும் அங்கிக்கும் போதவில்லை என்றால், முதலில் அங்கியை வாங்குங்கள். தோணி அடுத்த மாதம் வரட்டும்.

வாங்கிய தோணியை வெயிலில் போடாதீர்கள். நம் நாட்டு வெயில் இழையையும் பிசினையும் ஒருசேரக் கெடுக்கும். நிழலான கொட்டகையில், இரண்டு கட்டைகளின் மேல், ஓரச் சட்டம் படும்படி கவிழ்த்து வையுங்கள். தரையில் வைத்தால் ஈரமும் கறையானும் மரச் சட்டத்தைத் தின்றுவிடும். நீந்தத் தெரிந்த பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். மலைப்பக்கம் கறுத்திருந்தால் ஆற்றுக்கே போகாதீர்கள். மேலே பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். மலாய் மொழியில் 'கெபாலா ஆயிர்' என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

நேயர்களே, மலிவாகக் கிடைக்கும் எந்தப் பொருளைக் கண்டாலும் நம் மனம் மகிழ்கிறது. அந்த மகிழ்ச்சியிலே கேட்க வேண்டிய கேள்வியை மறந்துவிடுகிறோம். குறைந்திருப்பது எது, அது ஏன் குறைந்தது என்று கேட்க அன்று ஒரு சிறுமி இருந்தாள். எல்லா இடத்திலும் அப்படி ஒருத்தி உடன் வருவாள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அந்தக் கேள்வியை நாமே கேட்கப் பழகிக்கொள்வோம். கேட்கும் பிள்ளைகளை, "சும்மா இரு" என்று அடக்காமலும் இருப்போம்.